அசெம்பிள் செட்: தமிழகத்தில் தாமே கட்டிய ஒலிக்கருவிகளின் வரலாறு

அசெம்பிள் செட் என்பது உதிரிபாகங்களைத் தனித்தனியாக வாங்கி, இசை ஆர்வலரோ ஊர் மெக்கானிக்கோ இணைத்துக் கட்டும் ஒலிக்கருவியைக் குறிக்கத் தமிழ்நாட்டில் வழங்கும் சொல். ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர் பெட்டி, ஈக்குவலைசர், பிற்காலத்தில் ஹோம் தியேட்டர் ஆகியவை இவ்வகையில் கட்டப்பட்டன. நிறுவனப் பெயர் தாங்கிய கருவி ‘கம்பெனி செட்’ எனப்பட்டது. அசெம்பிள் செட்டா, கம்பெனி செட்டா என்ற கேள்வி தமிழக இசை ரசிகர்களிடையே அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பேசப்பட்டு வருகிறது. சென்னை ரிச்சி தெருவையும் பெங்களூர் எஸ்.பி. சாலையையும் நம்பியே இம்மரபு வளர்ந்தது. எஸ்.பி. சாலைக்கு அருகே அமைந்த ஓசூர், ராயக்கோட்டை, கிருஷ்ணகிரி வட்டாரம் அதன் மாற்றங்களைத் தெளிவாகக் காட்டும் பகுதிகளுள் ஒன்று.

தொடக்கம்

இந்தியாவில் ஒலிபரப்பு தன்னார்வலர்களின் முயற்சியாகவே தொடங்கியது. சி.வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியால் 1924-இல் சென்னை மாகாண வானொலிச் சங்கம் உருவாகி, அதே ஆண்டு ஜூலை 31 அன்று ஒலிபரப்பைத் தொடங்கியது. நிதி நெருக்கடியால் 1927-இல் அது நின்றது. சங்கத்தின் ஒலிபரப்புக் கருவி சென்னை மாநகராட்சிக்கு வழங்கப்பட்டது. மாநகராட்சி 1930-இல் ஒலிபரப்பைத் தொடர்ந்தது. 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் திறக்கப்பட்டது.

1933-ஆம் ஆண்டின் இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டப்படி வானொலிப் பெட்டி வைத்திருக்க உரிமம் தேவைப்பட்டது. அதற்கான கட்டணம் அஞ்சலகத்தில் செலுத்தப்பட்டது. மர்ஃபி, பிலிப்ஸ், புஷ் போன்ற நிறுவனங்களின் வால்வு வானொலிகள் வசதி படைத்தோர் வீடுகளில் மட்டுமே இருந்தன. பழுதான வானொலியைப் பிரித்து வேறு கருவிக்குப் பாகம் எடுப்பது ரேடியோ மெக்கானிக்கின் அன்றாட வேலை. அசெம்பிள் செட்டின் கைத்திறன் இந்தப் பழுதுபார்ப்பிலிருந்தே வந்தது.

வால்வுக் காலம்

உலகப் போருக்குப் பின் ‘ஹை-ஃபை’ என்ற கருத்து பரவியபோது, தானே கட்டுவதற்கும் வாங்குவதற்கும் இடையே பெரிய இடைவெளி இருக்கவில்லை. டி.டி.என். வில்லியம்சன் தம் ஆம்ப்ளிஃபையர் வடிவமைப்பை 1947-இல் ‘ஒயர்லெஸ் வேர்ல்ட்’ இதழில் வெளியிட்டார். உலகெங்கும் ஆர்வலர்கள் அதைக் கட்டினர். நிறுவனங்கள் பலவும் அதையே பின்பற்றின. அமெரிக்காவின் ஹீத்கிட் நிறுவனம் பாகங்களைப் பெட்டியில் அடைத்து, படிப்படியான விளக்கக் கையேட்டுடன் விற்றது. அன்றைய சிறந்த ஒலி, அச்சிட்ட வரைபடமாக யாருக்கும் கிடைத்தது.

இந்தியாவில் வரைபடம் கிடைத்தாலும் பாகம் கிடைப்பது அரிதாக இருந்தது. 1954-இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட பொதுத்துறை நிறுவனமான பாரத் எலெக்ட்ரானிக்ஸ் (பெல்) 1961-இல் வானொலி வால்வுகளையும் 1962-இல் ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர்களையும் தயாரிக்கத் தொடங்கியது. பாதுகாப்புத் துறைக்காகத் தொடங்கப்பட்ட நிறுவனத்தின் பாகங்கள் பொதுச் சந்தைக்கும் வந்தன. பெல் தயாரித்த இ.எல். 84 வால்வை வெளிநாட்டு வால்வு ஆர்வலர்கள் இன்றும் தேடி வாங்குகின்றனர்.

மைக் செட்

தமிழகத்தில் பெரும்பாலோர் மின்னொலியை முதலில் கேட்டது வீட்டில் அல்ல. திருவிழாவிலும் திருமணத்திலும் கட்சிக் கூட்டத்திலும்தான். சிகாகோ ரேடியோ, அஹுஜா போன்ற இந்திய நிறுவனங்களின் ஆம்ப்ளிஃபையர்களும் ‘குழாய்’ எனப்பட்ட கூம்பு ஒலிபெருக்கிகளும் சிற்றூர்கள்வரை சென்றன. அவற்றை வாடகைக்கு விடும் ‘சவுண்ட் சர்வீஸ்’ தனித் தொழிலாயிற்று.

கூம்பு ஒலிபெருக்கி பரவியதற்கு அதன் திறனே காரணம். ஒரு வாட் மின்திறனுக்கு ஒரு மீட்டர் தொலைவில் அது ஏறத்தாழ 105 டெசிபல் ஒலி தரும். சாதாரண வீட்டு ஸ்பீக்கர் பெட்டி 85 முதல் 88 டெசிபல் தரும். 20 டெசிபல் வேறுபாடு என்பது நூறு மடங்கு மின்திறனுக்குச் சமம். ஆகவே 30 வாட் ஆம்ப்ளிஃபையர் ஒன்று ஓர் ஊருக்கே போதுமானதாயிற்று. ஆனால் கூம்பு தாழ்ந்த சுருதிகளைத் தராது. தவிலின் தொப்பிப் பக்கத்து ஒலி அதில் தேய்ந்தே கேட்கும். வீட்டில் ‘பேஸ்’ கேட்கவேண்டும் என்ற ஆசைக்கு இந்தக் குறையும் ஒரு காரணம்.

மைக் செட் உரிமையாளரிடம் இருந்த மெக்கானிக்குகள் பழுதுபார்ப்பதோடு நில்லாமல் புதிய ஆம்ப்ளிஃபையர்களையும் கட்டினர். திருவிழா நடுவில் கருவி நின்றுவிட்டால் நிறுவனத்தின் சேவை மையத்தை எதிர்பார்க்க முடியாது. உள்ளூரில் பழுதுபார்க்க முடிகிறதா என்பதே அங்கு தரத்தின் முதல் அளவுகோல்.

டிரான்சிஸ்டரும் ஸ்டீரியோவும்

1960-களின் இறுதியில் சிலிக்கன் டிரான்சிஸ்டர் மலிவானது. 1969 ஏப்ரலில் ஜே.எல். லின்ஸ்லி ஹூட் ‘ஒயர்லெஸ் வேர்ல்ட்’ இதழில் வெளியிட்ட 10 வாட் ‘கிளாஸ் ஏ’ ஆம்ப்ளிஃபையர், ஒரு சானலுக்கு நான்கே டிரான்சிஸ்டர்களைக் கொண்டது. அதே 1969-இல் டெல்லியிலிருந்து ‘எலெக்ட்ரானிக்ஸ் ஃபார் யூ’ இதழ் வெளிவரத் தொடங்கியது. இந்தியச் சந்தையில் கிடைக்கும் பாகங்களைக் கொண்டு கட்டக்கூடிய சுற்றுகளை அது தொடர்ந்து வெளியிட்டது. பி.சி. 148, எஸ்.எல். 100, 2என்3055 போன்ற டிரான்சிஸ்டர் எண்கள் மெக்கானிக்குகளின் அன்றாடப் பேச்சில் கலந்தன.

ஸ்டீரியோ ஒலிப்பதிவு தமிழ்த் திரையிசைக்கு வந்தது இதன் அடுத்த கட்டம். இளையராஜா இசையமைத்த ‘ப்ரியா’ (1978) படத்தின் பாடல்கள் ஸ்டீரியோவில் ஒலிப்பதிவு செய்யப்பட்டன. அவற்றை முழுமையாகக் கேட்க இரண்டு சானல் ஆம்ப்ளிஃபையரும் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளும் தேவைப்பட்டன. கேசட் பரவியதும் ஊர்தோறும் ‘ரெக்கார்டிங் சென்டர்’கள் தோன்றின. வாடிக்கையாளர் எழுதிக் கொடுக்கும் பாட்டுப் பட்டியலை இசைத்தட்டிலிருந்து காலிக் கேசட்டில் பதிந்து தருவது அவற்றின் தொழில். அந்தக் கடைகளில் ஒலித்த ஆம்ப்ளிஃபையர்களைக் கேட்டு, அதுபோல ஒன்று கட்டித் தரும்படி பலர் மெக்கானிக்கிடம் சென்றனர்.

அன்று வாங்குவதற்கு என்ன இருந்தது என்பதையும் கருதவேண்டும். 1970-இல் கொல்கத்தாவில் தொடங்கிய சோனோடைன், மும்பையின் காஸ்மிக் போன்றவை இந்திய ஹை-ஃபை பெயர்கள். வெளிநாட்டுக் கருவிகள் இறக்குமதிக் கட்டுப்பாட்டாலும் சுங்கவரியாலும் எட்டாத உயரத்தில் இருந்தன. 1990-91-இல் இந்தியாவின் உச்ச சுங்கவரி 300 சதவீதத்தையும் தாண்டியிருந்தது. வளைகுடா நாடுகளிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் திரும்புவோர் கொண்டுவந்த கருவிகளே பலருக்கும் ‘ஃபாரின் செட்’டை அறிமுகப்படுத்தின. எனவே அந்நாளில் அசெம்பிள் செட் ஒரு பொழுதுபோக்குத் தேர்வு அல்ல. நடுத்தரக் குடும்பத்துக்கு நல்ல ஒலி கிடைக்க இருந்த மிகச் சில வழிகளுள் ஒன்று.

ஓசூர்–ராயக்கோட்டை வட்டாரம்

ராயக்கோட்டை கிருஷ்ணகிரி மாவட்டத்தில், ஓசூரிலிருந்து தருமபுரி செல்லும் சாலையில் உள்ளது. சேலம்–பெங்களூர் இருப்புப்பாதையும் இவ்வூர் வழியாகச் செல்கிறது. தக்காளிச் சந்தைக்குப் பெயர் பெற்றது. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும் எல்லைப் பகுதி இது. இங்கிருந்து பெங்களூர் சுமார் 70 கி.மீ. தொலைவு, சென்னை ஏறத்தாழ அதைப் போல் நான்கு மடங்கு. ஆகவே தமிழகத்தின் பிற பகுதிகளுக்கு ரிச்சி தெரு எப்படியோ, இப்பகுதிக்குப் பெங்களூர் நகர்ப்பேட்டையை ஒட்டிய எஸ்.பி. சாலை அப்படி. காலையில் புறப்பட்டு ஐ.சி., டிரான்ஸ்ஃபார்மர், ஹீட் சிங்க் வாங்கிக்கொண்டு மாலையில் ஊர் திரும்பிவிடலாம்.

1970-களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை வளர்ந்தது. 1980-இல் அசோக் லேலண்ட் ஆலை தொடங்கியது. டாட்டா குழுமமும் டிட்கோவும் 1984-இல் இணைந்து உருவாக்கிய டைட்டன் நிறுவனம் ஓசூரில் கைக்கடிகார ஆலையை அமைத்தது. இந்த ஆலைகளை நம்பி லேத் பட்டறைகளும் தகடு வளைக்கும் பட்டறைகளும் பெருகின. விவசாயப் பம்புசெட்டுகளுக்காக மோட்டார் வைண்டிங் கடைகள் இயங்கின. ஆம்ப்ளிஃபையர் கட்டுவதில் மிகுதியாகச் செலவு பிடிப்பவை டிரான்ஸ்ஃபார்மர், உலோகப் பெட்டி, ஹீட் சிங்க் ஆகிய மூன்றுமே. வைண்டிங், தகடு, லேத் ஆகிய மூன்று கைத்தொழில்களும் அருகருகே உள்ள ஊர்களில் இவற்றைத் தேவைக்கேற்பச் செய்துகொள்ள வாய்ப்பு அதிகம்.

ஐ.சி. காலம்

1980-களிலும் 1990-களிலும் அசெம்பிள் செட் மிகப் பரவலானது. ஒரு முழு ஆம்ப்ளிஃபையரையே ஒற்றைத் துண்டில் அடக்கிய ஐ.சி.கள் இதற்குக் காரணம். ஜப்பானின் சான்யோ நிறுவனம் தயாரித்த எஸ்.டி.கே. வரிசை வீட்டு ஆம்ப்ளிஃபையர்களில் பெயர் பெற்றது. எஸ்.டி.கே. 4141 ஒரு சானலுக்கு 25 வாட் வீதமும், 4191 ஒரு சானலுக்கு 50 வாட் வீதமும் தந்தன. டி.டி.ஏ. 2030 சிறிய செட்டுகளில் இடம்பெற்றது.

வண்டிகளில் சான்யோவின் எல்.ஏ. 4440 பயன்பட்டது. சேலம், தருமபுரி பகுதிகளின் தனியார் பேருந்துகள் பாட்டுக்குப் பெயர் பெற்றவை. பேருந்து ஆம்ப்ளிஃபையருக்கு ஓர் இயற்கை வரம்பு உண்டு. 12 வோல்ட் மின்சாரத்தில் இயங்கும் சாதாரணச் சுற்று, 4 ஓம் ஸ்பீக்கருக்குக் கோட்பாட்டளவில் 4.5 வாட் மட்டுமே தரமுடியும். இரண்டு சுற்றுகளை எதிரெதிராக இணைக்கும் ‘பிரிட்ஜ்’ முறையில் இது நான்கு மடங்காகி 18 வாட் ஆகும். எல்.ஏ. 4440 இரண்டு விதமாகவும் இணைக்கத்தக்கதாக இருந்ததே அதன் வெற்றிக்குக் காரணம்.

அதே காலத்தில் கடைகளில் விற்ற பல சிறிய செட்டுகளின் மீது ‘1000 வாட் பி.எம்.பி.ஓ.’ என்று அச்சிடப்பட்டிருந்தது. இது ஒரு கணநேர உச்சத்தைக் கற்பனையாகக் கணக்கிட்ட விளம்பர எண். அசெம்பிள் செட் கட்டியவர் இதில் ஏமாறவில்லை. அவர் வாங்கிய டிரான்ஸ்ஃபார்மரின் மீது ‘12-0-12, 3 ஆம்பியர்’ என்று எழுதியிருக்கும். இரு முனைகளுக்கிடையே 24 வோல்ட். அதை 3 ஆம்பியரால் பெருக்கினால் 72. ஆம்ப்ளிஃபையர் வெப்பமாக இழப்பதைக் கழித்தால், தொடர்ந்து 40 வாட் அளவே ஸ்பீக்கருக்குப் போகும். தானே கட்டியதால் கிடைத்த முதல் பயன் இந்தக் கணக்கறிவு.

ஸ்பீக்கர் பெட்டி

ஆம்ப்ளிஃபையரில் நிறுவனங்களுக்கு இணையாக நின்ற அசெம்பிள் மரபு ஸ்பீக்கர் பெட்டியில் பின்தங்கியது. ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-இலும், ரிச்சர்ட் ஸ்மால் 1970-களின் தொடக்கத்திலும் வெளியிட்ட ஆய்வுகள், ஸ்பீக்கரின் சில அளவுகளைக் கொண்டு பெட்டியின் கொள்ளளவையும் காற்றுத் துளையின் நீளத்தையும் கணக்கிட வழி செய்தன. இந்தியச் சந்தையில் உதிரியாக விற்ற ஸ்பீக்கர்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்த அளவுகள் தரப்படவில்லை. விட்டம், ஓம், வாட் ஆகிய மூன்றை மட்டுமே கடைக்காரர் சொல்வார். எனவே தச்சர் ஏற்கெனவே உள்ள பெட்டியைப் பார்த்து அளவெடுத்துச் செய்தார். பல அசெம்பிள் செட்டுகளில் தாழ்சுருதி ‘குடம்’ போல ஒலித்ததற்கு ஆம்ப்ளிஃபையர் காரணமல்ல, பெட்டியே காரணம்.

உயர்விலைக் கருவிகளின் எழுச்சி

மேலை நாடுகளில் 1970-களில் ‘ஹை-எண்ட்’ என்ற புதிய பிரிவு உருவானது. ஜே. கார்டன் ஹோல்ட் 1962-இல் தொடங்கிய ‘ஸ்டீரியோஃபைல்’, ஹாரி பியர்சன் 1973-இல் தொடங்கிய ‘தி அப்சல்யூட் சவுண்ட்’ ஆகிய இதழ்கள் அளவீட்டைவிடக் கேட்கும் அனுபவத்தை முதன்மைப்படுத்தின. மார்க் லெவின்சன், கிரெல் போன்ற நிறுவனங்களின் கருவிகள் ஒரு காரின் விலையை நெருங்கின.

இந்த விலை வேறுபாடு காதுக்குத் தெரிகிறதா என்பது விவாதமானது. 1987 ஜனவரியில் ‘ஸ்டீரியோ ரிவ்யூ’ இதழ், சுமார் 220 டாலர் கருவி முதல் சுமார் 12,000 டாலர் ஆம்ப்ளிஃபையர் வரை எது இயங்குகிறது என்று சொல்லாமல் கேட்கச் செய்த சோதனையை வெளியிட்டது. கேட்டவர்களால் அவற்றை நம்பகமாக வேறுபடுத்த இயலவில்லை. கனடாவின் தேசிய ஆய்வு மன்றத்தில் ஃபிளாய்டு டூல் 1980-களில் நடத்திய ஆய்வுகளோ, ஸ்பீக்கர்களுக்கிடையே வேறுபாடு தெளிவாகக் கேட்கிறது என்றும், நன்கு அளவிடப்படுபவையே பெரும்பாலும் விரும்பப்படுகின்றன என்றும் காட்டின.

கட்டுவோரும் விற்போரும் எப்போதும் எதிரெதிர் அணிகளாக இருக்கவில்லை. உயர்விலை ஆம்ப்ளிஃபையர்களை வடிவமைத்த நெல்சன் பாஸ், ஆர்வலர்கள் கட்டுவதற்கென்றே 1994-இல் ‘ஸென்’ என்னும் எளிய ஆம்ப்ளிஃபையரின் வரைபடத்தை வெளியிட்டார். கொச்சியைச் சேர்ந்த கட்டடக்கலைஞர் ஜேக்கப் ஜார்ஜ் உருவாக்கிய ‘ரெதம்’ ஸ்பீக்கர்கள் உலக ஹை-எண்ட் சந்தையில் இடம்பெற்றன.

தாராளமயத்துக்குப் பின்

1991-க்குப் பின் சுங்கவரி படிப்படியாகக் குறைந்தது. 2001 ஏப்ரல் 1 முதல் இறக்குமதி அளவுக் கட்டுப்பாடுகள் நீங்கின. வெளிநாட்டு நிறுவனங்களின் ஹோம் தியேட்டர்கள் தவணை முறையில் ஓசூர், கிருஷ்ணகிரிக் கடைகளிலும் கிடைத்தன. விலையை மட்டும் சொல்லி அசெம்பிள் செட்டை நியாயப்படுத்துவது கடினமாயிற்று.

மறுபுறம், பாகங்களின் நம்பகத்தன்மை குலைந்தது. எஸ்.டி.கே. ஐ.சி.களுக்கும் 2என்3055-க்கும் போலிகள் பெருகின. வெளியே அதே எண், உள்ளே சிறிய சிலிக்கன் துண்டு. குறைந்த ஒலியில் பாடிய செட், ஒலியைக் கூட்டியதும் எரிந்தது. அசெம்பிள் செட் என்றால் தரமற்றது என்ற எண்ணம் பரவ இதுவே முதன்மைக் காரணம். குற்றம் கட்டுமுறையில் அல்ல, பாகத்தில் இருந்தது. ஆனால் பெயர் கெட்டது மெக்கானிக்குக்கே.

2000-ஆம் ஆண்டின் ஒலி மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிகளைக் கட்டுப்படுத்தின. கூம்பு வடிவ ஒலிபெருக்கிகளுக்கு எதிராகக் காவல்துறை நடவடிக்கைகள் எடுத்தது. விழாக்களில் பாக்ஸ் ஸ்பீக்கர்கள் அந்த இடத்தைப் பிடித்தன. கூம்பின் நூறு மடங்குத் திறன் இல்லாததால் பெரிய ஆம்ப்ளிஃபையர்கள் தேவைப்பட்டன. வீட்டில் வாய்ப்பிழந்த கைத்திறன் பந்தலில் புதிய வேலை பெற்றது.

செலவுக் கணக்கு

நிறுவனக் கருவியின் கடைவிலை உதிரிபாக விலையைப் போல் நான்கைந்து மடங்கு என்பது இத்தொழிலில் வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. ஆய்வு, தொழிலாளர் கூலி, விளம்பரம், விநியோகம், வரி, வணிகர் லாபம் அனைத்தும் அதில் அடங்கும். ஆகவே தானே கட்டினால் ஐந்தில் ஒரு பங்கு செலவில் முடியும் என்று தோன்றும். நடைமுறை வேறு. நிறுவனம் ஆயிரக்கணக்கில் வாங்கும் பாகத்தை ஆர்வலர் ஒன்றிரண்டாகச் சில்லறை விலைக்கு வாங்குகிறார். பெட்டிக்கும் கருவிகளுக்கும் தனிச்செலவு. முதல் முயற்சியில் எரியும் பாகங்கள் இன்னொரு செலவு. நிறுவனக் கருவியை ஓரளவு விலைக்கு மறுவிற்பனை செய்யலாம். அசெம்பிள் செட்டை விற்றால் டிரான்ஸ்ஃபார்மரின் செம்புக்கு மட்டுமே விலை கிடைக்கும்.

மலிவான வரிசையில் இன்று வாங்குவதே ஆதாயம். ஆயிரம் ரூபாய்க் கருவியோடு கையால் கட்டியது போட்டியிட முடியாது. விலை ஏற ஏறக் கட்டுவதன் ஆதாயம் கூடும். மிகத் தடித்த முகப்புத் தகடு, பளபளப்பான பெட்டி, நிறுவனப் பெயர் ஆகியவற்றுக்காகக் கொடுக்கப்படும் தொகை ஒலிக்கு உதவுவதில்லை. நெதர்லாந்தின் ஹைபெக்ஸ் நிறுவனம் ‘கிளாஸ் டி’ ஆம்ப்ளிஃபையர் தொகுதிகளை ஆர்வலர்களுக்கும் கருவி நிறுவனங்களுக்கும் விற்றது. ஒரே நிறுவனத்தின் தொகுதி வெவ்வேறு பெட்டிகளில் வெவ்வேறு விலைக்கு ஒலிக்கிறது.

இன்றைய நிலை

2010-களுக்குப் பின், டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டி.பி.ஏ. 3116 போன்ற கிளாஸ் டி ஐ.சி.கள் பொருத்திய தயார் போர்டுகள் சில நூறு ரூபாய்க்கு வந்தன. பழைய மடிக்கணினி அடாப்டரே அவற்றை இயக்கப் போதும். கட்டுவது என்பது இன்று பெரும்பாலும் போர்டுகளைக் கம்பியால் இணைப்பதாகச் சுருங்கிவிட்டது. அதேவேளை மலிவான மைக்கும் இலவச மென்பொருளும் கொண்டு ஸ்பீக்கரையும் அறையையும் அளவிட முடிகிறது. முன்பு தச்சரின் ஊகத்துக்கு விடப்பட்ட பெட்டி இன்று கணக்கிட்டுச் செய்யத்தக்கதாயிற்று.

மதிப்பீடு

கட்டுவதா வாங்குவதா என்ற கேள்விக்கு ஒவ்வொரு காலத்திலும் வெவ்வேறு விடை இருந்தது. இறக்குமதி மூடிய காலத்தில் கட்டுவது தேவை, ஐ.சி. காலத்தில் சிக்கனம், இன்று பெரும்பாலும் விருப்பம். விலை, வாட், வசதி ஆகியவற்றில் கம்பெனி செட் பல இடங்களில் வென்றுவிட்டது. அது ஈடுசெய்யாத ஒன்று, கருவியின் உள்ளே என்ன நடக்கிறது என்று ஊரில் ஒருவருக்குத் தெரிந்திருந்த நிலை. மூடி ஒட்டப்பட்ட சவுண்ட்பார் பழுதானால் அதை மாற்றவே நேர்கிறது. திருகுகளால் மூடிய அசெம்பிள் செட் முப்பது ஆண்டுகளுக்குப் பின்னும் பழுதுபார்க்கப்படுகிறது.

இந்த வேறுபாடு ராயக்கோட்டை வட்டாரத்தில் கண்கூடானது. ஓசூர்–ராயக்கோட்டைச் சாலையில் உள்ள உத்தனப்பள்ளிக்கு அருகே டாட்டா எலெக்ட்ரானிக்ஸ் ஆலை ஐபோன் பாகங்களைத் தயாரிக்கிறது. கிருஷ்ணகிரி அருகே டெல்டா எலெக்ட்ரானிக்ஸ் ஆலை உள்ளது. உலகின் விலை உயர்ந்த மின்னணுப் பொருள்களின் உற்பத்தியில் இப்பகுதி இன்று பங்குபெறுகிறது. ஆலையில் ‘அசெம்பிளி’ என்பது ஒருவர் நாள் முழுதும் ஒரே பாகத்தைப் பொருத்தும் வேலை. மெக்கானிக் கடையில் ‘அசெம்பிள்’ என்பது மின்சாரம் நுழையும் இடம் முதல் பாட்டு வெளிவரும் இடம் வரை ஒருவரே அறிந்து செய்த வேலை. ஒரே சொல்லின் இவ்விரு பொருள்களுக்கும் இடையிலான தொலைவே அசெம்பிள் செட் மரபு விட்டுச்சென்ற இடத்தின் அளவு.